தோல் பதனிடுகிறவன் வீட்டில்: ஹெவி மெட்டல் இசையின் பெயர்களும் பாலாற்றங்கரைத் திருச்சபையும்

முன்னுரை

அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் என்பவனுடைய வீட்டில் என்பதை லூக்கா மும்முறை எடுத்துரைக்கிறார் (அப். 9:43, 10:6, 10:32). செத்த விலங்கின் தோலைத் தொட்டுப் பிழைக்கும் தொழிலை அக்கால யூத சமுதாயம் இழிவாகவே கருதிற்று. அவ்வீட்டின் மேல்தளத்தில் ஜெபிக்கையில்தான் பேதுருவுக்குத் தரிசனம் அருளப்பட்டது. இறைவன் தூய்மையாக்கிய ஒன்றுக்குத் தீட்டு என்னும் பெயரை இடும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பதே அதன் சாரம். ஆகவே அது உணவைப் பற்றிய தரிசனம் மட்டுமன்று. பெயரிடுதலைப் பற்றிய தரிசனமுமாகும்.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் மண்டலத்தில் ஊழியம் செய்வோருக்கு இப்பகுதி தூரத்துக் கதையன்று. நம் சபையாரில் பலர் சீமோனின் தொழிலாலேயே உண்டு உடுக்கின்றனர். இன்றைய இளைஞருள் சிலர் விரும்பிக் கேட்கும் 'ஹெவி மெட்டல்' என்னும் இசையைக் குறித்து நம் குருமார் சில வேளை வினவப்படுகின்றனர். அதன் உட்பிரிவுகளின் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில், அது சாத்தானின் இசை எனப் பிரசங்க பீடத்திலிருந்து தீர்ப்புரைப்பது எளிது. அத்தீர்ப்புக்கு முன், அவ்விசை யாருடைய கைகளில் பிறந்தது, அதன் பெயர்களை யார் இட்டனர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாராய்ச்சி நம்மை நம் ஊர்ப் பறையிடமே கொண்டுவந்து சேர்க்கும்.

1. தொழிற்சாலையில் பிறந்த ஓசை

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் இரும்பும் எஃகும் உருக்கி வார்த்து வளர்ந்த நகரம். அதன் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த உழைக்கும் குடும்பத்து இளைஞர் நால்வர் 1968-இல் ஒரு குழுவாகக் கூடினர். அடுத்த ஆண்டு அக்குழு 'பிளாக் சப்பாத்' என்னும் பெயரைப் பூண்டது. அவர்களுள் கிதார் வாசித்த டோனி ஐயோமி, 1965-இல், தம் பதினேழாம் வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்கு நரம்பை அழுத்துவதற்கு வேண்டிய விரல்கள் அவையே. அவர் நெகிழிப் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் பழைய தோற்சட்டை ஒன்றிலிருந்து வெட்டிய தோல்துண்டுகளை ஒட்டிக்கொண்டார். வலி குறைய நரம்புகளைத் தளர்த்திக் கட்டினார். 1971-இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில் சுருதியை மேலும் தாழ்த்தவே, ஓசை இன்னும் கனத்தது. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இளமையில் ஆடுமாடு அறுக்கும் கூடத்தில் கூலிவேலை செய்தவர்.

கனத்த அவ்வோசையின் தோற்றத்தில் சூனியம் ஏதுமில்லை. இயந்திரத்தில் நசுங்கிய தொழிலாளியின் கையும், அதன்மேல் ஒட்டிய ஒரு துண்டுத் தோலும் உள்ளன. பேரச்சமூட்டும் படங்களின் பாணியில் பாடிய இக்குழுவைச் சாத்தானின் குழு என்றனர் பலர். ஆயின் 1971-ஆம் ஆண்டின் அதே இசைத்தட்டில் 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்னும் பாடல், இறைவனைப் புறக்கணிப்போரை நோக்கி மரணத்திற்குப் பின்னான நிலையைக் குறித்து வினவுகிறது. அதன் சொற்களை எழுதியவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீசர் பட்லர்.

2. பெயர்கள் பெருகிய வரலாறு

'கன உலோகம்' என்னும் பொருள்தரும் இப்பெயரைப் பரப்பியவர் பெரும்பாலும் பத்திரிகை விமர்சகரே. தொடக்கத்தில் அது பாராட்டாக அன்றி ஏளனமாகவே ஆளப்பட்டது. காலப்போக்கில் இரசிகர்கள் அவ்வேளனத்தையே தம் கொடியாக உயர்த்தினர். பின்னர் பிரிவுகள் பெருகின. வேகமும் சினமும் மிக்கது 'த்ராஷ்' எனப்பட்டது. இங்கிலாந்தின் 'வெனம்' என்னும் குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பே 'பிளாக் மெட்டல்' என்னும் பிரிவுக்குப் பெயராயிற்று. மரணத்தைப் பாடுபொருளாகக் கொண்டு அடித்தொண்டையில் முழங்கும் 'டெத் மெட்டல்' 1980-களின் நடுவில் அமெரிக்காவில் உருவாயிற்று.

பெயர் வெறும் ஓசையன்று. அது மனிதரைப் பிடித்து இழுக்கவும் கூடும். நார்வேயில் 'பிளாக் மெட்டல்' வட்டத்து இளைஞர் சிலர் அப்பெயரை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டனர். 1992 ஜூன் 6-ஆம் நாள் பெர்கன் நகரருகே ஃபான்டாஃப்ட் என்னும் தொன்மையான மர ஆலயம் தீக்கிரையாயிற்று. தொடர்ந்து வேறு ஆலயங்களும் எரிக்கப்பட்டன, கொலையும் நிகழ்ந்தது. இதனைத் திருச்சபை மறைக்கவோ மறக்கவோ வேண்டியதில்லை.

மறுபுறம், கலிபோர்னியாவைச் சேர்ந்த 'ஸ்ட்ரைப்பர்' என்னும் குழு வெளிப்படையாகவே கிறிஸ்துவை அறிக்கையிட்டு, மேடையிலிருந்து வேதாகமங்களைக் கூட்டத்தினரிடையே வீசிற்று. 1986-இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. எனினும் அவர்களுடைய நீண்ட கூந்தலையும் உடையையும் கண்டு சபையாருள் பலர் ஐயுற்றனர். வேதாகமத்தைக் கண்டு இரசிகருள் பலர் நகைத்தனர். ஒரே வகை ஓசை ஆலயத்தை எரித்தவர் கையிலும் இருந்தது, வேதாகமத்தை வழங்கியவர் கையிலும் இருந்தது. ஆகவே பிரிவின் பெயர் கனியைக் காட்டாது என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடம்.

3. ஊர்தோறும் வேறொரு முகம்

இவ்விசை சென்ற இடமெல்லாம் உள்ளூர் வட்டங்கள் அதனைத் தம் வயப்படுத்தின. பிரேசிலில் 1984-இல் தோன்றிய 'செபுல்டுரா' என்னும் குழு, ஷவாந்தே என்னும் பழங்குடியினரோடு இணைந்து இசைத்த இசைத்தட்டை 1996-இல் வெளியிட்டது. நம் தோல் மண்டலத்துக்கு அண்மையிலுள்ள பெருவட்டம் பெங்களூருடையது. 'மில்லெனியம்' என்னும் குழு 1988-லும், 'க்ரிப்டாஸ்' 1998-லும் அங்குத் தோன்றின. 2007 மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் 'அயன் மெய்டன்' குழு அந்நகரின் அரண்மனைத் திடலில் இசைத்தபோது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் திரண்டனர்.

தமிழர் பங்கும் இதில் உண்டு. சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய 'ருத்ரா' என்னும் குழுவில் அந்நாட்டுத் தமிழர் முதன்மையானவர். உபநிடதங்களின் அத்வைதக் கருத்துகளை 'டெத் மெட்டல்' ஓசையில் அமைத்த அவர்கள், பிறர் இட்ட பெயரை ஏற்காது, 'வேதிக் மெட்டல்' என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டனர். பிரம்ம வித்யா என்னும் தலைப்பில் அவர்கள் வெளியிட்ட மூன்று தொகுப்புகள் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்தன. மரணத்தின் பெயரால் அறியப்பட்ட ஓசை இங்கு ஆன்மத் தேடலின் கருவியாயிற்று.

ஆயின் ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். பர்மிங்காமில் தொழிலாளியின் கையில் பிறந்த இசை, இந்தியாவுக்கு வந்தபோது பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற நகரத்தாரின் இசையாயிற்று. விலையுயர்ந்த கிதாரும் ஒலிபெருக்கியும் சுண்ணாம்புக் குழியில் நிற்பவனுக்கு எட்டுவன அல்ல. அப்படியாயின் பாலாற்றங்கரைத் தொழிலாளியின் கனத்த ஓசை எது?

4. சாவு மேளம் என்னும் பெயர்

அது அவன் வீட்டிலேயே இருந்தது. மரச் சட்டத்தில் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி, இரு குச்சிகளால் முழக்கப்படும் பறையே அது. அதற்கு ஊரார் இட்ட பெயர் சாவு மேளம். மேற்கில் இளைஞர் தாமே விரும்பிப் பூண்ட மரணப் பெயர், இங்கு ஒரு குலத்தார்மீது தலைமுறைதோறும் சுமத்தப்பட்டது.

அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853-இல் ஸ்கடர் குடும்பத்தாரால் அமைக்கப்பட்டது. மிசோரி லுத்தரன் மிஷன் 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிப் பின்னர் ஆம்பூரிலும் பணியாற்றிற்று. இப்பகுதியில் திருமுழுக்குப் பெற்றோருள் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்களே. தமிழகத்தில் பொதுவாக நிகழ்ந்தவாறே, சபைக்குள் ஆர்கனும் பாமாலையும் வந்தன. கர்நாடக இராகத்தில் கீர்த்தனைகள் வந்தன. பறை வெளியே நின்றது. மிருதங்கத்துக்கு வேண்டியதும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலுமே. அதனைச் செய்வோருள் பலர் தலித் கிறிஸ்தவர் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல் விரிவாகக் காட்டுகிறது. இரண்டும் தோலே, இரண்டையும் ஆக்கியோர் ஒடுக்கப்பட்டோரே, எனினும் பெயரே ஒன்றை உள்ளே அழைத்து மற்றொன்றை வெளியே நிறுத்திற்று.

இங்கு நம் முன்னோரை எளிதில் பழித்தலும் தவறாகும். சாவு வீட்டில் பறையடிப்பது கூலியும் மதிப்புமற்ற கட்டாய ஊழியமாயிருந்தது. கிறிஸ்தவனானவுடன் இனி அடிக்கமாட்டேன் என்று மறுத்தவனுக்கு அம்மறுப்பே விடுதலையின் முதற் சொல். தீங்கு தோலிலும் இல்லை, ஓசையிலும் இல்லை, கட்டாயத்தில் இருந்தது. கட்டாயம் நீங்கியபின் விரும்பி எடுத்து அடிப்பதும் விடுதலையே.

இவ்வுண்மையை வழிபாட்டில் நிறைவேற்ற முயன்றவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் கற்பித்த, பரட்டை என அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. 2005-இல் மறைந்த அவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையையே ஆக்கித் தந்தார். பின்னர், 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் கிதாரையும் ஒரே மேடையில் இணைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதியற்ற' என்னும் அடையாளத்தையே அது தன் பெயராகக் கொண்டது.

முடிவுரை

எல்லா ஓசையையும் ஆராயாது ஏற்றுக்கொள்ளுமாறு இவ்வரலாறு நம்மைப் பணிக்கவில்லை. நார்வேயின் சாம்பல் அதற்குச் சாட்சி. ஆயின் கறுப்புச் சட்டையணிந்த இளைஞன் ஒருவன் நம்மிடம் வரும்போது, அவன் கேட்கும் இசையின் பிரிவு எது என்பது நம் முதல் வினாவாக இருத்தலாகாது. அவ்வோசை யாருடைய துயரைச் சுமக்கிறது? அது அவனை அயலானிடம் கொண்டு செல்கிறதா, வெறுப்பிடம் கொண்டு செல்கிறதா? இவையே மேய்ப்பனுக்குரிய வினாக்கள்.

இவ்வினாக்கள் நம் ஆராதனையையும் நோக்கித் திரும்புகின்றன. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அத்தகைய நாளின் மறு ஞாயிறு நம் ஆலயங்களில் எழுவதற்கு எந்த ஓசை உண்டு? சங்கீதக்காரனின் புலம்பலைப் படிக்கிறோம். அதன் கனத்தைத் தாங்கும் இசையை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். யோப்பாவில் சீமோனின் வீட்டிற்குள் சென்று தங்கிய பின்னரே பேதுரு கொர்நேலியுவின் வீட்டிற்குப் புறப்பட்டான். பாலாற்றங்கரைத் திருச்சபையும் முதலில் தோல் பதனிடுகிறவன் வீட்டில் தங்கி, அங்கு எழும் ஓசைக்குச் செவிசாய்ப்பதாக.