மரம் வேண்டாம் என்ற 1,800 பேர்

"நீங்கள் வரலாற்றுத் துறைக்காரர், மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள். ஆனால் சோழர், பாண்டியர் வேண்டாம்" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். சரி, சோழ நாட்டை விட்டுச் சற்றுத் தொலைவாகவே போவோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் என்றொரு நகரம். கார்த் தொழிலின் தலைநகரம் என்று எல்லோருக்கும் தெரியும். நம் மாணவர்களே எத்தனையோ பேர் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது கார்க் கதை அல்ல, மரக் கதை.

2011 முதல் 2014 வரையிலான காலம். 'தி க்ரீனிங் ஆஃப் டெட்ராய்ட்' என்ற தொண்டு நிறுவனம் நகரின் தெருக்களில் மரம் நட்டுவந்தது. 1989-ல் தொடங்கிய அமைப்பு, நல்ல பெயர் எடுத்தது. உங்கள் வீட்டு வாசலில் மரம் வைக்கப்போகிறோம், காசு தர வேண்டாம், குழி தோண்டுவதும் நாங்களே, மூன்று வருஷம் வரை பார்த்துக்கொள்வதும் நாங்களே என்று 7,425 வீட்டுக்காரர்களிடம் சொன்னார்கள். அதில் 1,800 பேர் "எங்களுக்கு மரம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர்!

ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று நம் ஊரில் கேலி பேசுவார்கள். இங்கே ஓசியில் நிழல் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறார்களே, ஏன்? நிறுவனத்தில் இருந்தவர்கள் பலருக்குத் தோன்றிய பதில் எளிமையானது: "மரத்தின் அருமை இவங்களுக்குத் தெரியலை, எடுத்துச் சொன்னா சரியாயிடும்." படித்தவர்களுக்கு எப்போதும் கைவசம் இருக்கும் பதில் இது! கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் இதை அப்படியே ஏற்காமல், வேண்டாம் என்றவர்களையே போய்க் கேட்டார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மௌரீன் மெக்டோனாவும் அவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2019-ல் வெளிவந்தது. அதைப் படித்தபோதுதான் இது தாவரவியல் துறை விஷயமே அல்ல, நம் துறை விஷயம் என்று எனக்குப் பட்டது.

அந்த மக்களுக்கு மரத்தின் அருமை நன்றாகவே தெரியும். மரங்கள் என்ன ஆயின என்பதும் தெரியும். அதுதான் சங்கதி.

டெட்ராய்ட்டுக்கு ஒரு காலத்தில் 'மரங்களின் நகரம்' என்றே பெயர். தெருவுக்குத் தெரு எல்ம் மரங்கள். எல்ம் மரத்தின் அழகு அதன் கிளை விரியும் விதத்தில் இருக்கிறது. பூச்சாடி போல மேலே போய் விரியும். இரண்டு பக்கத்து மரங்களும் தெருவுக்கு மேலே கைகோத்துக்கொண்டால் பந்தல் போட்ட மாதிரி இருக்கும். அந்த அழகில் மயங்கி ஊரெல்லாம் ஒரே சாதி மரத்தை வைத்தார்கள். 1930 வாக்கில் அமெரிக்காவுக்குள் வந்த 'டச்சு எல்ம் நோய்' 1950-ல் டெட்ராய்ட்டை எட்டியது. (பாவம், டச்சுக்காரர்கள்! நோயை முதலில் ஆராய்ந்து சொன்னவர்கள் ஹாலந்து விஞ்ஞானிகள் என்பதற்காக அந்தப் பழி அவர்கள் தலையில் விழுந்தது.) அது ஒரு பூஞ்சை நோய். பட்டை துளைக்கும் வண்டு அதை மரத்துக்கு மரம் சுமந்து போகும். பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டுகூட வேண்டாம், வேர் வழியாகவே பரவிவிடும். ஒரே வரிசையில் ஒரே மரம் என்றால் கேட்கவேண்டுமா?

வண்டைக் கொல்ல டி.டி.டி. தெளித்தார்கள். இதன் விளைவை ரேச்சல் கார்சன் 1962-ல் 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலில் எழுதினார். ஈஸ்ட் லான்சிங்கில் இருக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954-ல் எல்ம் மரங்களுக்கு மருந்தடித்தார்கள். உதிர்ந்த இலையை மண்புழு தின்றது, மண்புழுவை ராபின் பறவை தின்றது, பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மிச்சிகனின் மாநிலப் பறவையே ராபின்தான்! அதே நூலில் டெட்ராய்ட்டின் புறநகர்களும் வருகின்றன. 1959-ல் வேறொரு வண்டுக்காக விமானத்திலிருந்து ஆல்ட்ரின் குருணையைத் தாழப் பறந்து தூவினார்கள். மிரண்டுபோன மக்கள் போலீசுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். வானத்திலிருந்து அரசாங்கம் எதையோ கொட்டுகிறது என்ற நினைப்பு அந்தப் பகுதி மக்களின் மனசில் அப்போதே விழுந்தாயிற்று.

அடுத்து 1967. ஜூலை 23 அதிகாலை, பன்னிரண்டாம் தெருவில் உரிமம் இல்லாத மதுக்கூடம் ஒன்றில் போலீஸ் புகுந்து ஆட்களைப் பிடித்தது. அதிலிருந்து மூண்ட கலவரம் ஐந்து நாள் நடந்தது. ராணுவம் வந்தது. 43 பேர் இறந்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். 7,000 பேருக்கு மேல் கைதானார்கள். அரசுக் குறிப்புகள் இதைக் 'கலவரம்' என்கின்றன, கறுப்பின மக்கள் பலர் 'கிளர்ச்சி' என்கிறார்கள். அன்றைய போலீஸ் படையில் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஏன் இரண்டு பெயர் என்று விளங்கும்.

கார்மைக்கேலிடம் பேசிய கறுப்பினப் பெண்கள் சிலர் சொன்னது இதுதான்: 1967-க்குப் பிறகு எங்கள் தெருவில் மரங்களை மடமடவென்று வெட்டினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து எங்களை வேவு பார்க்க மரம் மறைக்கிறது என்றுதான் வெட்டினார்கள். நகராட்சி அப்போது சொன்ன காரணம் நோய். மரங்களுக்கு நோய் இருந்தது உண்மை. அந்தக் காலத்தில் வெட்டும் வேகம் கூடியது உண்மை. வீடுகளுக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்ததும் உண்மைதான், டி.டி.டி. தெளிப்பதற்கு!

வரலாறு படிக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அரசாங்கக் கோப்பு ஒரு காரணம் சொல்கிறது, பாட்டி வேறு காரணம் சொல்கிறாள். பாட்டி சொல்வது வெறும் வதந்தி என்று தள்ளிவிட்டுக் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபம். தேர்வில் மார்க்கும் கிடைக்கும். ஆனால் பாட்டியின் சாட்சியத்தில் நிகழ்ச்சிகள் சரியாகவே இருக்கின்றன. காரணம் கற்பிப்பதில்தான் வேறுபாடு. வீட்டு வாசலில் நின்ற மரத்தை, அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டினால், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த அரசாங்கத்தின் குணத்தை வைத்துத்தானே காரணம் தேடுவார்கள்? 1967-ல் அந்த அரசாங்கம் அவர்களுக்குத் துப்பாக்கியோடுதான் அறிமுகம். வெட்டியவர்கள் கேட்கவில்லை, நட வந்தவர்களும் கேட்கவில்லை. என்ன மரம், எந்த இடம் என்பதெல்லாம் வேறெங்கோ முடிவாகி வந்தது. எங்களுக்கு எந்த மரம் வேண்டும் என்று கேட்டிருக்கலாமே என்பதே அவர்களின் பெரிய குறை.

இன்னொரு குறையும் உண்டு, அது நடைமுறைக் குறை. 1950 முதல் 1980 வரை நோயாலும் நகர வளர்ச்சியாலும் கவனிப்பில்லாமலும் டெட்ராய்ட் சுமார் ஐந்து லட்சம் மரங்களை இழந்தது என்பது கணக்கு. மக்களும் கிளம்பிப் போனார்கள். 1950-ல் 18 லட்சத்து 49 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 2010-ல் 7 லட்சத்து 13 ஆயிரம். வரி கட்ட ஆளில்லை. மரம் பராமரிக்கும் பிரிவில் செலவைக் குறைத்தார்கள். 2014-ல் பட்டுப்போனவை, விழும் அபாயத்தில் உள்ளவை என்று குறிக்கப்பட்ட மரங்கள் மட்டும் சுமார் 20,000. அதற்கு முந்தைய வருஷம், 2013 ஜூலையில், நகராட்சியே திவால் மனு போட்டிருந்தது! புயலில் கிளை ஒடிந்து கூரை மேல் விழுந்தால் யார் வருவார்கள்? புதுமரம் நிற்கும் இடம், நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள பட்டை நிலம், நகராட்சியின் சொத்து. இலை கூட்டுவதும் கிளை அள்ளுவதும் வீட்டுக்காரரின் பாடு. மூன்று வருஷம் நாங்கள் பார்ப்போம் என்றால், நாலாவது வருஷம்? மரம் அறுபது எழுபது வருஷம் நிற்கிற சமாச்சாரம். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு கோடையில் நகரின் கிழக்குப் பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். வரிசை பிடித்து நட்ட மரங்கள், இடையிடையே வீடுகள். அது வேறொரு சண்டையின் மிச்சம். ஜான் ஹான்ட்ஸ் என்ற நிதித்துறைச் செல்வந்தர், பாழ்பட்ட கிழக்குப் பகுதியில் நகராட்சிக்குச் சொந்தமான சுமார் 1,500 காலி மனைகளை விலைக்குக் கேட்டார். மனைக்கு ஏறத்தாழ 300 டாலர். பதிலுக்கு, இடிந்து கிடக்கும் 50 கட்டடங்களை அகற்றி, 15,000 மரம் நடுகிறேன் என்றார். 2012 டிசம்பரில் பொதுக்கூட்டம். நூற்றுக்கணக்கானவர்கள் வந்து எதிர்த்தார்கள். "மரம்னு பேரு, நிலம் பிடிக்கிறதுதான் நோக்கம்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். என் வீட்டுக்குப் பக்கத்து மனையை நான் கேட்டால் அலையவிடுகிறீர்கள், அவருக்கு மட்டும் மொத்தமாகவா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மறுபக்கம், புதர் மண்டி, குப்பை கொட்டி, சமூக விரோதிகள் புழங்கும் இடத்தை யாராவது சுத்தம் செய்தால் சரி என்றவர்களும் அதே பகுதியில் குடியிருந்தவர்களே. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருந்தது. நகர மன்றத்தில் வாக்கெடுப்பு, 5-க்கு 4. ஒரே ஒரு ஓட்டில் ஹான்ட்ஸ் வென்றார். 2014 மே மாதம் தொண்டர்கள் திரண்டு வந்து அந்த 15,000 கன்றுகளையும் நட்டார்கள்.

அந்த எதிர்ப்பு வீணாகவில்லை என்றே நான் கருதுகிறேன். 2014-லேயே டெட்ராய்ட்டின் நில வங்கி, தன் வீட்டை ஒட்டிய காலி மனையை எவரும் 100 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். 'க்ரீனிங்' அமைப்பும் ஆய்வுக்குப் பிறகு தன் முறையை மாற்றிக்கொண்டு, குடியிருப்போருடன் உட்கார்ந்து பேசத் தொடங்கியது. 2017-ல் மேயர் மைக் டக்கனின் நகராட்சி, மூன்று ஆண்டுகளில் 10,000 மரம் என்று தானே நடவில் இறங்கியது. அந்த நூறு டாலர் மனைகள் சிலவற்றில் தக்காளி பார்த்தேன், பூசணி பார்த்தேன். ஓரிடத்தில் வேலியோரம் ஆப்பிள் மரம் ஒன்றும் நின்றது, தண்ணீர்க்குழாய் அதன் அடியில் கிடந்தது.