ஐம்பது வார்த்தைப் பரீட்சை

பள்ளிக்கூடத்தில் ‘சொல்வதை எழுதுதல்’ எழுதியிருப்பீர்கள். டீச்சர் ஒரு பத்தியை வாசிப்பார். நாம் எழுதவேண்டும். ‘ர’ வரவேண்டிய இடத்தில் ‘ற’ போட்டால் காதைத் திருகுவார். அதிகபட்ச தண்டனை அவ்வளவுதான்.

ஒரு தேசமே இந்தப் பரீட்சையைத் தன் வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? தேறினால் உள்ளே வரலாம். தவறினால் ஆறு மாதம் வரை ஜெயில், நாடு கடத்தல். எந்த மொழியில் பரீட்சை என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அது அதிகாரியின் இஷ்டம்.

அந்த தேசம் ஆஸ்திரேலியா. சட்டம் பிறந்த வருஷம் 1901. ஒழிந்தது 1958ல்.

ஆனால் இந்த யோசனை உதித்த இடம் ஆஸ்திரேலியா அல்ல. தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 1860லிருந்து அங்கே கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். சென்னையில் கப்பல் ஏறிய தமிழர்கள் அதில் ஏராளம். தோட்டத்தில் முதுகு ஒடிய வெட்டிக்கொண்டிருந்தவரை வெள்ளைக்காரர்களுக்குப் பிரச்னை இல்லை. ஒப்பந்தம் முடிந்து சிலர் காய்கறி பயிரிட்டார்கள். சிலர் கடை போட்டார்கள். குஜராத்தி வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

1896 டிசம்பரில் இந்தியர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் டர்பன் வந்தன. ஒன்றில் இருந்தவர் பாரிஸ்டர் காந்தி. பிளேக் பயம் என்று காரணம் சொல்லி, மூன்று வாரத்துக்கும் மேல் யாரையும் இறங்கவிடாமல் கடலிலேயே நிறுத்திவைத்தார்கள். 1897 ஜனவரி 13ம் தேதி இறங்கிய காந்தியை ஒரு கும்பல் தெருவில் வைத்து அடித்தது. அதே வருஷம் நேட்டால் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் போட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்தியர்கள் விக்டோரியா மகாராணியின் பிரஜைகள். ‘எல்லாரும் மகாராணியின் பிள்ளைகள், ஆனால் கறுத்த பிள்ளை மட்டும் இந்தப் பக்கம் வரக்கூடாது’ என்று ஒரு காலனி சட்டம் எழுதினால் லண்டனுக்கு மானம் போகும். ஆகவே நேட்டால் குறுக்கு வழி கண்டுபிடித்தது. உள்ளே வருகிறவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவராக இருக்கவேண்டும். நிறத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. படிப்பைப் பற்றித்தானே பேசுகிறோம்!

லண்டனுக்கு இது பிடித்துப்போய்விட்டது. 1897ல் காலனிப் பிரதமர்கள் அங்கே கூடியபோது, காலனிகள் மந்திரி ஜோசப் சேம்பர்லின் இந்த வழியைச் சிபாரிசே செய்தார். சுருக்கமாகச் சொன்னால், ஆளைத் தடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தைச் சொல்லாதீர்கள்.

1901 ஜனவரி 1ம் தேதி ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது. புதுப் பார்லிமெண்ட் ஆரம்பத்திலேயே கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, வெள்ளையர் அல்லாதவர்களை வெளியே வைப்பது. அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆல்ஃபிரட் டீகின் ரொம்ப வெளிப்படையாகவே பேசினார். ஆசியர்களின் கெட்ட குணங்களால் அல்ல, அவர்களின் நல்ல குணங்களால்தான் நமக்கு ஆபத்து என்றார். சலிக்காத உழைப்பைத்தான் சொன்னார். நல்லவேளை, சோம்பேறிகள் என்று யாரும் பழி போடவில்லை.

முதலில் ஆங்கிலத்தில் பரீட்சை என்றுதான் யோசித்தார்கள். அதில் ஓட்டை இருந்தது. ஆங்கிலம் படித்த இந்தியன் சிரித்துக்கொண்டே பாஸ் பண்ணிவிடுவான். ஆங்கிலம் தெரியாத ஜெர்மானியர் மாட்டிக்கொள்வார். எனவே ‘ஓர் ஐரோப்பிய மொழி’ என்று மாற்றினார்கள். ஐம்பது வார்த்தை கொண்ட ஒரு பத்தி. அதிகாரி வாசிப்பார். வந்தவர் எழுதவேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா? ரொம்ப சந்தோஷம், ஸ்வீடிஷ் எழுதுங்கள் என்று சொல்லலாம்.

விளைவு? 1902, 1903 இரண்டு வருஷங்களில் 805 முறை பரீட்சை நடந்தது. தேறியவர்கள் 46 பேர். 1904 முதல் 1909 வரை 554 முறை. தேறியவர்கள் 6 பேர். அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. ஏனென்றால் இது பரீட்சையே இல்லை. ஃபெயிலாக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் கேள்வித்தாளே கொடுப்பார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போகலாம்.

கப்பலை விட்டு இறங்கிவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்கமுடியாது. இறங்கி ஒரு வருஷம் வரை எப்போது வேண்டுமானாலும் பிடித்துவைத்து எழுதச் சொல்லலாம். பின்னால் அந்தக் கெடு ஐந்து வருஷம் வரை நீண்டது.

ஏற்கெனவே அங்கே குடியிருந்த சீனர்கள், இந்தியர்கள் கதி? ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு வருவதானால், கிளம்பும் முன்பே பரீட்சை விலக்குச் சான்றிதழ் வாங்கவேண்டும். நேர்முகமாக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, அப்புறம் மையில் தோய்த்துக் கைரேகை. கடை வைத்து வரி கட்டுகிற மனிதனுக்குக் குற்றவாளிக்கு எடுப்பதுபோல ரேகை. அந்தக் காகிதம் இல்லாமல் திரும்பினால், சொந்த வீட்டு வாசலில் ஐம்பது வார்த்தை காத்திருக்கும்.

சரி, இது வெள்ளையர் அல்லாதவர்களின் துயரம் என்று வெள்ளைக்காரர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

1934 நவம்பர். எகான் எர்வின் கிஷ் என்ற பத்திரிகையாளர் வந்தார். ப்ராக் நகரத்து யூதர், கம்யூனிஸ்ட். ஹிட்லரின் ஜெர்மனியில் சிறையிலிருந்து, வெளியேற்றப்பட்டவர். மெல்பர்னில் நடந்த போர் எதிர்ப்பு, ஃபாசிச எதிர்ப்பு மாநாட்டில் பேச அழைத்திருந்தார்கள். அரசாங்கம் அவரை இறங்கவிடவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மெல்பர்ன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்தார். சுமார் 18 அடி உயரம். கால் முறிந்தது. தூக்கிக்கொண்டுபோய் மறுபடி கப்பலிலேயே போட்டார்கள்.

சிட்னியில் நீதிபதி எவாட், கிஷ்ஷைத் தடுத்துவைத்தது செல்லாது என்று விடுவித்தார். உடனே அரசாங்கம் அலமாரியிலிருந்து பழைய ஆயுதத்தை எடுத்தது. சொல்வதை எழுதுதல்! கிஷ் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். எதில் வைப்பது? யோசித்து, ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் பேசும் கேலிக் மொழியைப் பிடித்தார்கள். அங்கே பிறந்த ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவந்து வாசிக்கவைத்தார்கள். கிஷ் எழுத மறுத்தார். ஆறு மாதம் கடுங்காவல் என்று தீர்ப்பானது.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர். ஓர் ஐரோப்பிய சமூகம் சகஜமாகப் பயன்படுத்தும் பொதுமொழியைத்தான் சட்டம் ‘ஐரோப்பிய மொழி’ என்கிறது, ஸ்காட்லாந்து கேலிக் அதில் சேராது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. கிஷ் ஜெயித்தார். எங்கள் மொழி மொழியில்லையா என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் கொதித்தது தனிக்கதை.

அடுத்து 1936ல், இந்தியாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார பிரிட்டிஷ் பெண்மணிக்கு இத்தாலிய மொழியில் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்திரேலிய ராணுவ அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர். அதிகாரி ஏற்கெனவே கல்யாணம் ஆனவர் என்பது விவகாரம். நாடே எதிர்த்துக் கத்திய பிறகு, 1937ல் உள்ளே விட்டார்கள்.

கவனித்தீர்களா? ஆசியர்களை நிறுத்தக் கட்டிய வேலி. முதலில் கொள்கை பிடிக்காத வெள்ளையர் மாட்டினார். அப்புறம் காதல் பிடிக்காத வெள்ளைக்காரி. நிறத்தைச் சொல்லாமல் எழுதிய சட்டம் என்பதால், யாரை வேண்டுமானாலும் அதில் மாட்ட முடிந்தது.

1958ல் புதுக் குடியேற்றச் சட்டம் வந்து பரீட்சையை ஒழித்தது. ஆனால் வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கை அதோடு சாகவில்லை. 1966ல் கொஞ்சம் தளர்ந்து, 1973ல் விட்லம் அரசாங்கம் வந்த பிறகுதான் முழுக்க ஒழிந்தது. அந்தக் கைரேகைக் காகிதங்கள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய்த் தேடி, தாத்தாவின் உள்ளங்கையைப் பார்க்கிறார்கள்.

அந்நியர் யார் வரலாம், யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று தீர்மானிக்க எல்லா நாட்டுக்கும் உரிமை உண்டு. எல்லா நாட்டிலும் அதற்குச் சட்டமும் உண்டு. அப்படி ஒன்றைப் படிக்க நேர்ந்தால், தகுதி என்று என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கேள்வியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மீதி தானாகப் புரிந்துவிடும்.