கையும் கற்றலும்: சேலம், நாமக்கல் சமவெளியில் கோடை விடுமுறைப் பள்ளியின் வரலாற்றுப் பின்னணி

முன்னுரை

பள்ளித் தேர்வுகள் முடிவுற்று வெயில் ஏறும் நாட்களில், சேலம், நாமக்கல் மாவட்டங்களிலுள்ள நம் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி கூடுகிறது. ஆலய வளாகத்தில் பந்தல் எழுகிறது. கிறிஸ்தவரல்லாதார் வீட்டுப் பிள்ளைகளும் உட்பட ஊர்ப் பிள்ளைகள் திரளுகின்றனர். பாட்டும் கதையும் மனன வசனமும் நடைபெறுகின்றன. நிறைவு நாளன்று பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் வந்தமர்ந்து பிள்ளைகள் செய்தவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். மூன்று தலைமுறையினர் ஒரே பந்தலின்கீழ்க் கூடும் நிகழ்ச்சிகள் சபையின் ஆண்டில் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

இப்பள்ளியின் நாள் நிரலில் ‘கைவேலை’ என்றொரு பகுதி உண்டு. பெரும்பாலும் அச்சிட்ட படத்திற்கு வண்ணம் தீட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது. நேரம் போதாவிடில் முதலில் விடப்படுவதும் அதுவே. வேத பாடமே தலைமையானது, கைவேலை பிள்ளைகளை அமர்த்தி வைக்கும் ஒரு பொழுதுபோக்கு என்பது நம்முள் பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா? நம் பகுதியில் நற்செய்திப் பணி வேரூன்றிய விதத்திற்குப் பொருந்துமா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. விடுமுறைப் பள்ளியின் தோற்றம்

ஞாயிறு பள்ளி இயக்கம் நம் நாட்டில் முன்னரே வேரூன்றியிருந்தது. இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் 1876 இல் அலகாபாத்தில் தோன்றியது. ஆயினும் கோடை விடுமுறையைப் பயன்படுத்தி நாள்தோறும் நடத்தும் பள்ளி என்னும் கருத்து அமெரிக்க நாட்டில் உருவாயிற்று. 1894 இல் இல்லினாய் மாநிலத்தின் ஹோப்டேல் என்னும் ஊரில் இத்தகைய முயற்சி ஒன்று நடைபெற்றது. 1898 இல் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், ஹாஸ் அம்மையார் என்னும் மருத்துவரின் மனைவி, வேறிடம் கிடைக்காமையால் மதுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். குடியேறிய ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள் கோடை முழுதும் தெருவிலேயே திரிந்த காலம் அது.

அந்நகரின் பாப்திஸ்து மிஷன் சங்கத்தில் பணியாற்றிய ராபர்ட் போவில் போதகர் 1901 இல் இம்முயற்சியை விரிவாக்கினார். வேலையின்றித் திரியும் பிள்ளைகள், விடுமுறையில் ஓய்ந்திருக்கும் மாணவர்கள், வாரநாட்களில் பூட்டிக் கிடக்கும் ஆலயங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றிணைப்பதே அவர் திட்டம். கல்லூரி மாணவரும் இறையியல் மாணவரும் அவருக்கு ஆசிரியராயினர். இறையியற் கல்லூரியில் பயிலும் நம் வாசகர் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம். 1922 இல் அவர் முயற்சியால் இவ்வியக்கத்திற்கு உலக அளவிலான ஓர் அமைப்பும் ஏற்பட்டது.

போவில் வகுத்த நிரலில் வழிபாடு, பாட்டு, வேதக்கதை, விளையாட்டு ஆகியவற்றோடு கைத்தொழிலும் இன்றியமையாத இடம் பெற்றிருந்தது. பிள்ளைகள் கூடை முடைந்தனர், துணி தைத்தனர், கயிற்றுத் தூளி பின்னினர். செய்த பொருளை வீட்டிற்குக் கொண்டு சென்றனர். ஆகவே, கைவேலை பின்னாளில் ஒட்டப்பட்ட ஓர் இணைப்பு அன்று. தொடக்கத்திலேயே அது இப்பள்ளியின் உடலில் ஓர் உறுப்பாக இருந்தது.

2. சேலத்துத் தொழிற்பள்ளி

விடுமுறைப் பள்ளி நம் பகுதிக்குப் புதிதாக வந்தது எனினும், வேதமும் கைத்தொழிலும் ஒருங்கே கற்பிக்கப்படுதல் இங்குப் புதிதன்று. இலண்டன் மிஷன் சங்கத்தின் ஹென்றி கிரிஸ்ப் ஐயர் 1827 இல் சேலத்தில் பணி தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மரித்தார். 1840 முதல் 1861 வரை இங்கு உழைத்தவர் ஜெர்மானிய நாட்டவரான ஜே. எம். லெக்லர் ஐயர். சேலத்தில் அவர் பெயரால் அமைந்த நினைவாலயத்தை வாசகருட் பலர் அறிவர்.

லெக்லர் எழுத்துப் பள்ளியோடு அமையாது, தச்சு முதலான தொழில்களைப் பயிற்றும் கைத்தொழிற்பள்ளி ஒன்றையும் நிறுவினார். இதன் தேவை யாது? திருமுழுக்குப் பெற்றவர் பலருக்குக் குலத்தொழிலும் குடும்பச் சொத்தும் ஒருங்கே பறிபோன காலம் அது. பிழைப்பிற்கு மிஷனையே நம்பி வாழும் சபை தன் காலில் நிற்க இயலாது. கைத்தொழில் அவர்களுக்குச் சோறு தந்தது, அதனினும் மேலாக மானம் தந்தது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. நம் சமுதாயத்தில் எந்தக் கை எந்தக் கருவியைத் தொடலாம் என்பதைச் சாதியே வரையறுத்து வந்தது. உளியைப் பிடிப்பவன் ஒருவன், தறியில் அமர்பவன் வேறொருவன், தோலைத் தொடுபவன் மற்றொருவன். பிறப்பை நோக்காது ஒரு தொழிலை எவருக்கும் கற்பிக்கும் பள்ளி, அந்த வரையறையை அசைக்கும் பள்ளியுமாகும். அஃது உடனே எல்லாத் தடைகளையும் தகர்த்தது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அதன் திசை அதுவே.

3. சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு

இன்று நாமக்கல் மாவட்டமாக விளங்கும் பகுதி 1997 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இச்சமவெளியின் கீழ்த்திசையில் எழுவது கொல்லிமலை. அதன் அடிவாரத்தை அடுத்தது சேந்தமங்கலம். ஸ்ட்ரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் அங்கிருந்தே மலைமேல் பார்வை செலுத்தினார். 1913 இல் ஈவ்லின் அம்மையாரை மணந்த அவர், உடனே மனைவியோடு மலையேறி வாழத் தொடங்கினார்.

பிராண்ட் கட்டடத் தொழிலறிந்தவர், ஓரளவு மருத்துவமும் பயின்றவர். மலைமக்களின் புண்களைக் கழுவிக் கட்டினார்; பள்ளி வைத்தார்; தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தார்; பயிர்த்தொழிலிலும் கருத்தூன்றினார். பிரசங்கம் செவியில் ஏறாத ஆண்டுகளிலும் அவருடைய கைகள் பேசிக்கொண்டிருந்தன. 1929 இல் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் இம்மலைகளை விட்டகலாது உழைத்து, 1974 இல் தமது 95 ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914 இல் பிறந்து, ஒன்பது வயது வரை கொல்லிமலையிலேயே வளர்ந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் என்று தனியே ஒன்றில்லை. தாயாரே ஆசிரியை, மரக்கிளையே வகுப்பறை. தந்தையார் கறையான் புற்றையும் பூச்சியையும் காட்டிப் படைப்பின் விந்தையை விளக்குவார். இவ்வாறு கண்ணாலும் கையாலும் கற்ற சிறுவன், இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பிற்குப் பின் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் பயின்று, பின்னரே மருத்துவரானார். 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்தார். இயங்கத் தொடங்கிய கைகளுக்குத் தொழில் வேண்டும் என்றுணர்ந்து, நோயாளர் தச்சும் பொம்மை செய்தலும் கற்கும் நவஜீவ நிலையம் வேலூரில் உருவாகவும் காரணரானார். தந்தையின் தொழிற்பட்டறை மகனுடைய மருத்துவத்திற்குள் வந்து சேர்ந்தது எனலாம்.

4. ஒரு பிடிச் சேறு

பால் பிராண்ட் பிற்காலத்தில் தம் இளமை நிகழ்ச்சி ஒன்றை ஒரு கட்டுரையில் விவரித்துள்ளார். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயலில் அவரும் பிற சிறுவரும் தவளை பிடித்து விளையாடினர். நாற்றுகள் மிதிபட்டன, சேறு கலங்கியது. அவ்வழியே வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர்களை அடிக்கவில்லை. ஒரு பிடிச் சேற்றைக் கையில் அள்ளி, இஃது என்ன என்று வினவினார். இந்தச் சேறே தலைமுறை தலைமுறையாகச் சோறு தருவது என்றும், கலங்கிய நீரோடு கீழே ஓடிவிட்ட மண் மீண்டும் மலையேறி வராது என்றும் எடுத்துரைத்தார். அந்தப் பாடத்தைப் பால் பிராண்ட் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிஷனெரியின் மகன் மாணவன். நிலத்தில் உழைத்த தாத்தா ஆசிரியர். மிஷன் வரலாற்றை எழுதும்போது, கற்பித்தவர் வந்தவர் என்றும் கற்றவர் இவ்வூரார் என்றும் எழுதிவிடுவது நம் வழக்கம். லெக்லருடைய பட்டறையைப் பற்றியும் பிராண்டின் தச்சுக்கூடத்தைப் பற்றியும் அவ்வாறே எழுதினோம். ஒரு பிடிச் சேறு அவ்வழக்கத்தைத் திருத்துகிறது. இவ்வூரின் அறிவு இவ்வூராரிடம் முன்னரே இருந்தது. அதனைப் பெற்றுக்கொள்ளக் கையை நீட்டும் தாழ்மையே தேவைப்பட்டது.

5. வேதம் காட்டும் நெறி

வேதாகமத்தில் ‘தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன்’ என்று முதன்முதற் பெயர் சுட்டிக் கூறப்படுபவன் ஆசாரியனுமல்லன், தீர்க்கதரிசியுமல்லன். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்த பெசலெயேல் அவன் (யாத். 31:1-5). பிறருக்குக் கற்பிக்கும் வரமும் அவனுக்கு அருளப்பட்டது (யாத். 35:34). யோர்தானைக் கடந்த மக்கள் நாட்டிய பன்னிரு கற்களைக் கண்டு பிள்ளைகள் வினவுவர், அப்பொழுது தந்தையர் விடை கூறவேண்டும் என்பதே யோசுவாவின் கட்டளை (யோசு. 4). முதலில் கண்ணால் காணும் பொருள், அதன்பின் பிள்ளையின் வினா, அதன்பின் மூத்தோரின் விளக்கம் என்பதே அங்குக் காணும் ஒழுங்கு. நம் பள்ளிகளிலோ விளக்கம் முந்துகிறது, வினாவுக்கு இடமேயில்லை. நம் ஆண்டவரும் ஊராரால் தச்சன் என்று அறியப்பட்டவர் (மாற். 6:3) என்பதை நாம் அறிவோம்.

6. ஒரு தவறும் ஓர் எச்சரிப்பும்

என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், நெசவாளர் மிகுந்த ஒரு சிற்றூரில் விடுமுறைப் பள்ளி நடத்தினேன். பத்து நாட்களில் ஒரு சிறுவன் இரண்டு நாட்களே வந்தான். வருகைப் பரிசு அவனுக்கு இல்லை என்று நானே அறிவித்தேன். பின்னர் அவன் வீட்டிற்குச் சென்றபோது, திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தான். நானும் சுற்ற முயன்றேன், நூல் அறுந்தது. அவன் சிரித்துக்கொண்டே அறுந்த நூலை முடிந்து காட்டினான். பத்து நாட்கள் ஆசிரியனாக இருந்த நான் அவனிடம் ஒன்றையேனும் கேட்டேனல்லேன். அவன் கை அறிந்ததை நம் பந்தல் அறியவில்லை.

ஆனால், இந்நினைவில் இனிமையை மட்டும் கண்டு நின்றுவிடலாகாது. அச்சிறுவன் வராததற்குக் காரணம், விடுமுறையில் அவன் கை வீட்டிற்குத் தேவைப்பட்டது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைகளைப் பொதுவாக எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதிக்கப்பட்டது. ஆயினும் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் உதவலாம் என்னும் விலக்கும் அதில் இடம் பெற்றது. ஆகவே, நாம் பிள்ளைகளை அழைக்கும் அந்த மே மாதமே, பல வீடுகளில் அவர்கள் கைகள் உழைக்கும் மாதமும் ஆகிறது.

எனவே கைவேலையைப் போற்றும் நாம், கற்றலையும் சுரண்டலையும் பிரித்தறிதல் வேண்டும். எங்குப் பிள்ளை வினவலாமோ, பிழை செய்யலாமோ, களைத்தால் நிறுத்தலாமோ, செய்த பொருளைத் தன்னுடையது என்று சொல்லலாமோ, அங்கு நடப்பது கற்றல். இவை மறுக்கப்படுமிடத்தில் நடப்பது வேலை வாங்குதல்.

7. செய்யத்தக்கவை

நம் சமவெளி கைத்திறனில் வறியதன்று. சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்வோர் உள்ளனர். இராசிபுரத்தில் பட்டு நெய்வோர் உள்ளனர். ஆத்தூர்ப் பக்கத்தில் மரவள்ளி பயிரிடுவோரும், நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுவோரும் உள்ளனர். இவர்களுட் பலர் நம் சபைகளின் பின்வரிசையில் அமர்ந்து, காணிக்கை இட்டு, வாய் திறவாது வீடு செல்கின்றனர். விடுமுறைப் பள்ளியில் நாள்தோறும் ஒரு மணி நேரம் இவர்களுள் ஒருவரை ஆசிரியராக அமர்த்தலாம். ஓலை முடையத் தெரிந்த பாட்டியும் ஏர் பிடித்த தாத்தாவும் பந்தலின் நடுவில் அமரட்டும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கருவிகளையும் தொடட்டும். இன்ன பிள்ளைக்கு இன்ன வேலை என்று நம்மையறியாமலே பிரிக்கும் பழக்கம் அங்கு ஒழியட்டும். வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக மாலை நேர வகுப்பும், அவர்தம் பெற்றோரோடு மனந்திறந்த உரையாடலும் தேவை.

இறையியல் மாணவருக்கு ஒரு வார்த்தை. அடுத்த கோடையில் ஒரு சேகரத்திற்கு அனுப்பப்படும்போது, பாடப்புத்தகக் கட்டோடு செல்லுங்கள், அது தவறன்று. ஆனால் பள்ளி தொடங்குவதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே சென்று, அவ்வூரில் யார் கை எதை அறியும் என்று வீடு வீடாகக் கேட்டறியுங்கள்.

முடிவுரை

விடுமுறைப் பள்ளியின் பிறப்பிலும் சேலத்துத் தொழிற்பள்ளியிலும் கொல்லிமலைப் பணியிலும் கை, கற்றலின் வாயிலாகவே இருந்தது. அதனை நாம் வண்ணத்தாளாகச் சுருக்கிவிட்டோம். மூன்று தலைமுறையினரும் கூடும் பந்தல் இன்னும் நம்மிடம் உள்ளது. அதில் யார் கற்பிப்பது, யார் கற்பது என்பதை மட்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்போமாக. அறுந்த நூலை முடியத் தெரிந்த பிள்ளை வருகைப் பரிசின்றித் திரும்பும் நிலை, நம் சபைகளில் இனி நேராதிருப்பதாக.