புயல் வலுப்பெறும் வகை

கடற்புயலைக் குறிக்கும் 'சைக்ளோன்' என்னும் சொல் பிறந்த இடம் கல்கத்தா. அங்கு வாழ்ந்த ஹென்றி பிட்டிங்டன் என்பார், மாலுமிகளின் கப்பற் குறிப்பேடுகளை ஒப்புநோக்கிப் புயற்காற்றின் சுழற்சியை ஆராய்ந்தார். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயரை அமைத்து, 1848-ல் தம் நூலில் வழங்கினார். 1864-ல் அதே கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயல் பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. இவற்றின் பின்னரே, 1875-ல், இந்திய வானிலைத் துறை தோன்றியது. கல்கத்தா, சிம்லா, புனா என இடம் மாறிய அதன் தலைமையகம், 1944-ல் புதுதில்லியை அடைந்தது.

புயல் எங்ஙனம் வலுப்பெறுகின்றது? கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமுற்றிருப்பின், நீராவி மிகுதியாக எழுகின்றது. அது உயரே சென்று நீர்த்துளியாக மாறுங்கால், தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளியிடுகின்றது. அதனால் மையத்தில் காற்றழுத்தம் குறைகின்றது. சுற்றுப்புறக் காற்று அவ்விடம் நோக்கி விரைய, பூமியின் சுழற்சி அதனைத் திருப்புகின்றது; நம் வடகோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுற்றுகின்றது. காற்று விரையுந்தோறும் நீராவி பெருகும். நீராவி பெருகுந்தோறும் காற்று மேலும் விரையும்.

வலிய புயலின் நடுவே 'கண்' அமைகின்றது. அங்குக் காற்று கீழிறங்குவதால் மேகம் கலைந்து அமைதி நிலவும். அதனைச் சூழ்ந்த மேகச் சுவரிலேதான் காற்றின் கடுமை உச்சம் பெறும். கண் கடக்கையில் புயல் ஓய்ந்ததென்று வெளியே வருவோரை, சிறிது நேரத்தில் எதிர்த்திசைக் காற்று தாக்கும். இவ்வுண்மை அறியாமல் மாண்டோர் பலர்.

புயலுக்குப் பகையும் உண்டு. உயரத்திற்கு உயரம் மாறுபடும் காற்று அதன் கட்டமைப்பைச் சிதைக்கும். அலைகளால் கலங்கி மேல்வரும் குளிர்நீர் அதன் வலியைக் குறைக்கும். தரையேறினால் நீராவி வரத்துக் குன்றும்.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் 'பைலின்' புயல் அதே மாநிலத்தில் கரையேறியபோது, முன்னறிவிப்பைக் கேட்டு ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழந்தோர் ஐம்பதின்மரை எட்டவில்லை. தில்லியின் கணிப்பும் ஊராரின் செயலும் ஒன்றுபட்டதன் பயன் இது.

எனினும், புயல் செல்லும் வழியைக் கணிப்பதினும், அது வலுக்கும் விரைவைக் கணிப்பது அரிது. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலுக்குள் குமரிக் கடலில் 'ஒக்கி' புயலாயிற்று. முன்பே ஆழ்கடல் சென்றிருந்த நம் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. வலுக்கும் விரைவை ஒரு நாள் முன்னதாக அறிவதும், அச்செய்தி நடுக்கடலில் உள்ள படகையும் எட்டுவதும் ஆகிய இரண்டும் கைகூடும்போதுதான் இவ்வறிவியல் நமக்கு முழுப்பயன் தரும்.