கண்டியும் இலங்கை றைபிள் படையும்

கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மன்னனையும் பிரதானிகளையும் தேசாதிபதிகளையுமே நோக்கினர். மலைப்பாதைகளில் நடந்து பிரித்தானியருக்காகப் போரிட்ட ஆசிய வீரர் யாவர் என்னும் வினா அத்துணை எழுப்பப்படவில்லை. அதற்கு விடை தேடுமிடத்து இலங்கை றைபிள் படையின் வரலாறு நம்முன் நிற்கின்றது.

1796இல் கொழும்பு பிரித்தானியர் வசமானபோது, ஒல்லாந்தரிடம் பணிபுரிந்த மலாய் வீரரும் அவர்பக்கம் சேர்ந்தனர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் (1798-1805) அவர்களைப் பிரித்தானிய முறையில் அமைந்த படைப்பிரிவாக்கினார். சிப்பாய்களையும் ஆபிரிக்கரையும் கொண்ட பிரிவுகளும் தொடர்ந்து தோன்றின. 1827இல் இவை ஒன்றிணைந்து இலங்கை றைபிள் படை எனப் பெயர் பெற்றன. வீரர் கொம்பனிகளாக வகுக்கப்பட்டனர். தலைமைப் பதவிகள் பிரித்தானியருக்கே உரியனவாயிருந்தன. மலாய் அதிகாரிகள் அவர்க்குக் கீழ்ப்பட்டோராய்த் தம்மவரை நடத்தினர். வீரரின் மனைவி மக்களும் படைமுகாமை அண்டியே வாழ்ந்தனர்.

இவ்வமைப்பின் காரணம் தெளிவானது. மலைநாட்டுக் காய்ச்சல் ஐரோப்பிய வீரரைப் பெருமளவில் மாய்த்தது. உள்நாட்டவரையோ ஆட்சியாளர் நம்பவில்லை. ஆதலின் இம்மண்ணில் நிலமும் சுற்றமும் அற்றோரே உகந்த வீரராகக் கருதப்பட்டனர்.

எனினும், கூலிக்குப் போரிடுவோர்க்குப் பற்றுறுதி இராதென்னும் கருத்தை 1803ஆம் ஆண்டு மறுக்கின்றது. அவ்வாண்டு பெப்ரவரியில் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் முத்துசாமியை அரசனாக்கினர். ஜூன் 24இல் மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். மகாவலிக் கரையில் பிரித்தானிய வீரரும் கொல்லப்பட்டனர். மலாய்த் தலைவன் நூருதீன் கண்டி மன்னனின் பணியை ஏற்க மறுத்து உயிர் துறந்தான். அதே வேளையில் மன்னனின் படையிலும் மலாயர் இருந்தனர் என்பது மனங்கொளத்தக்கது. ஓரினத்தவர் இரு கொடிகளின்கீழ் எதிரெதிராய் நின்றனர்.

அப்பற்றுறுதிக்கு மறுபக்கமும் உண்டு. 1848இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்கக் கண்டியிலிருந்து சென்றதும் இப்படையே. அடிமைப்பட்ட ஓரினத்தைக்கொண்டு மற்றோரினத்தை அடக்குதல் பேரரசுகளின் பொதுவழக்காகும்.

1873இல் இப்படை கலைக்கப்பட்டது. வீரர் பலர் பொலிஸ் சேவையிற் சேர்ந்தனர். ஆயினும் முகாம்களில் வளர்ந்த மொழியும் சமய வாழ்வும் கலைந்தில. 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய் இதழ் அரபு எழுத்தில் வெளிவந்தமை இதற்குச் சான்று. பேரரசு தன் தேவைக்குத் திரட்டிய படை, அது எண்ணியிராத வகையில் ஒரு சமூகமாய் இந்நாட்டில் வேரூன்றியது. கண்டியின் வரலாற்றை எழுதுவோர் அவர்களையும் இந்நாட்டு மக்களாகவே கொண்டு எழுதுதல் வேண்டும்.