குளத்துக்கும் வயதாகும்

எங்கள் நெமிலிச்சேரிப் பக்கம் சில குளங்கள் பச்சைப் பாய் விரித்தாற்போலக் கிடக்கின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுக்கிறார்கள். என் கண்ணுக்கு அது குளத்தின் மூப்பு.

மழைநீரோடு வரும் மண்ணும் சத்தும் அடியில் படியப் படியக் குளம் மேடாகும், பிறகு சதுப்பாகும், கடைசியில் தரையாகிவிடும். இயற்கையில் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிற காரியம். சாக்கடையைத் திறந்துவிட்டால் ஒரு தலைமுறையிலேயே முடிந்துவிடும். கனடாவில் 1973-ல் ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி, இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதிதான் பாசி பிடித்துப் பச்சையானது. மனிதக் கழிவிலும் சோப்புத் தூளிலும் உரத்திலும் இருப்பது அதே பாஸ்பரஸ்தான்.

நம் முன்னோர்களுக்கு பாஸ்பரஸ் என்ற பெயர் தெரியாது. ஆனால் வைத்தியம் தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்றே தனிக் குழுவைச் சொல்கின்றன. பிற்காலத்தில் கோடையில் ஊர் கூடித் தூர்வாரும் வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். வாரிய வண்டல் வயலுக்குப் போகும். பயிருக்கு உரம், குளத்துக்கு இளமை. வழக்கம் தளர்ந்தபோது 1858-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு ஊராரை வேலைக்கு இழுத்தான். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை வேறு இருக்கிறது. தோதான தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். வங்காளத்தில் 1936-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். மருந்தடித்துக் கொன்றால் செடி அங்கேயே அழுகும். ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். சத்து திரும்பவும் தண்ணீரிலேயே சேரும். பிடுங்கிக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் மக்க வைத்தால்தான் சத்து வெளியேறும். பிடுங்கியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் எல்லாம் உள்ளேயே போய்விடும்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். தூர்வாருவதை பிரெஞ்சில் 'க்யுராழ்' என்பார்கள். 'கவனித்துக்கொள்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான சொல்தான்.

கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளின் கழிவுநீர் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. நம் குளத்துக்கு அந்த நிலை வரவேண்டாம். முதலில் சாக்கடை வாயை அடைக்க வேண்டும். அதன் பிறகுதான் களை எடுப்பதும் தூர்வாருவதும். வரிசை மாறினால் வருஷா வருஷம் டெண்டர் விடலாம், குளம் மிஞ்சாது.