மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ்

யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள மயிலிட்டி மீனவருக்கு எஞ்சின் புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் அரசு மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கத் தொடங்கிய பின் மூன்றரைத் தொன் டீசல் படகுகள் வடகரையிலும் பெருகின. ஆனால் கிராங்க் தண்டோடு கேம் தண்டையும் சுழற்றி வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயினைக் கற்றுத் தந்தது கடல் அல்ல, தெரு. படகு டீசல் எஞ்சின்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் பற்சக்கரங்கள் பார்த்தன. இரண்டு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு மோட்டாருக்கோ கேம் தண்டே கிடையாது. செயின் ஓடியது மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ-40இலும் ஹொண்டா சி-90இலும்.

அந்தப் பிரித்தானியக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இத்தனை காலம் தங்கியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, கையில் இருந்த காரைக் கழற்றிப் பூட்டி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொறிஸ் மைனர் அதற்கென்றே செய்தது போன்ற வண்டி. பொனற்றைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றிக் கை போக இடமிருக்கும். முன்புறம் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றலாம்.

1990 யூன் 15. போர் மீண்டும் மூண்ட சில நாட்களிலேயே மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். அதே மாதத்தில் கொழும்பு ரயிலான யாழ்தேவியும் நின்றது. வடக்குக்குப் போகும் பொருட்கள் மீது தடை விழுந்தது: பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் வந்தது. வாகனங்களும் அதையே குடிக்கத் தொடங்கின.

முறை எளிது. ஒரு சிறு போத்தல் பெற்றோலைப் பொன்னைப் போல வைத்திருந்து, கார்பரேற்றருக்குச் சில துளி விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இது யாழ்ப்பாணத்துக் கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் இங்கிலாந்து உழவர்கள் 1940களிலேயே பெர்குசன் உழவு இயந்திரங்களை இப்படித்தான் ஓட்டினார்கள்: பெற்றோலில் தொடக்கம், சூடான பின் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். அவை அதற்கென வடிவமைத்த எஞ்சின்கள். யாழ்ப்பாணத்துக் கார்கள் அப்படியல்ல. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் தாக்குப்பிடித்தன. சாதனை அங்கேதான் இருக்கிறது.

தாக்குப்பிடித்தன, ஆனால் சும்மா அல்ல. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். அதில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று டைமிங் செயின்.

செயின் 'நீண்டுவிட்டது' என்பார்கள். இரும்பு ரப்பரைப் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி மயிரிழையளவு தேயும். எல்லாத் தேய்வும் சேர்ந்து நீளமாகத் தெரியும். சைக்கிள் செயினைத் தளர்த்தியும் இறுக்கியும் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது முன்பக்கம் கிலுகிலுவென்று சத்தம் வரும். வால்வு திறக்கும் நேரம் பிந்தும். டிஸ்ரிபியூற்றரையும் கேம் தண்டே சுழற்றுவதால் தீப்பொறியும் பிந்தும். கார் மேட்டில் மூச்சு வாங்கும்.

வேலை இப்படி நடக்கும். ரேடியேற்றரைக் கழற்றி ஓரமாக வைத்து, விசிறிப் பட்டியைத் தளர்த்தி, கிராங்க் கப்பியின் பெரிய நட்டுக்கு வரவேண்டும். அதைப் பிடித்திருக்கும் வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்த வேண்டும். கறள் பிடித்த நட் அரை நாளைத் தின்றுவிடும். பிறகு மூடித் தகடு. அது திறந்தால் மேலே பெரிய பற்சக்கரம், கீழே சின்னது; கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வரை எஞ்சினைச் சுழற்றி நிறுத்தி, சக்கரங்களைச் செயினோடு சேர்த்து நெம்பி எடுப்பார்கள். மாற்றும்போதும் அதே புள்ளிகள்தான் சாட்சி. மூடியின் கஸ்கற் கடையில் இல்லாவிட்டால், தடித்த காகிதத்தை மூடி விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டிவிடலாம்.

பட்டறைக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் ஆட்கள் தாமே கழற்றினார்கள் என்று நினைத்தால் அந்தக் காலம் பிடிபடாது. கூலியை விடப் பெரிய தலையிடி சாமான். புதுச் செயின் வருவது அபூர்வம். வந்தாலும் யானை விலை. ஆகவே ஓடாமல் கிடந்த வண்டிகளின் வயிற்றைத் திறந்து, தேய்வு குறைந்த செயினைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. எந்த மாடலுக்கு எந்தக் கண்ணி பொருந்தும், எது இன்னும் ஓடும் என்று கையில் பிடித்துப் பார்த்தே சொல்லும் அறிவு அப்படித்தான் கராச்சைத் தாண்டி வீட்டு முற்றத்துக்கு வந்தது. இதே ஆண்டுகளில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்குப் புதுத் தகடுகள் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். யாழ்ப்பாணத்து மொறிஸ்காரருக்கு அந்தச் சாமான் கிடைக்காமல், குடாநாட்டின் வாசலான ஆனையிறவில் போர் குறுக்கே நின்றது.

அந்த நாட்களைக் காவியமாக்குவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரித்தது, எஞ்சின்கள் பல பாழாயின, நோயாளியை ஏற்றிய கார் நடுவழியில் நின்றது என்பதெல்லாம் கதைகளில் குறைவாகவே வருகிறது. கெட்டித்தனத்துக்குப் பாராட்டு வேண்டும். தடைக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தது. இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன, சாமான் கடைகளும் கூடவே வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகமோ போர் முடிந்து எட்டு ஆண்டு காத்திருந்து, 2017 யூலை 3இல்தான் இராணுவத்திடமிருந்து மக்களிடம் திரும்பியது. 27 ஆண்டுகள். திரும்பிய மீனவரை 2022இல், படகு மோட்டாருக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் இன்னொரு விதமாகச் சோதித்தது: முதலில் தட்டுப்பாடு, பிறகு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்.

இன்றைய கார் எஞ்சினில் அந்த இரண்டு புள்ளி போதாது. ஒயில் அழுத்தத்தில் இயங்கும் இறுக்கி, வால்வு நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் பொறி, தண்டுகளைப் பூட்டி வைக்கத் தனிக் கருவி என்று வேலை கூடிவிட்டது. பல எஞ்சின்களில் ஓரிரு பல் தவறினாலே வால்வு பிஸ்டனில் மோதி வளையும். சி-90 போன்ற சின்ன மோட்டார் சைக்கிள் என்றால் பொறுமையுள்ளவர் இன்னும் வீட்டிலேயே செய்யலாம்.

மண்ணெண்ணெய்க் காலத்தில் ஸ்பனர் பிடித்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. இடப்பெயர்வையும் ஷெல்லடியையும் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்கு கூட அவர்களது தொழில் நுட்பத்தைப் பற்றி எழுதப்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு பழைய கராச்சுகளுக்குப் போக வேண்டும். இந்த ஆண்டே போக வேண்டும்.